ஆளுக்கு ஒரு கரண்டி எண்ணெய்

— கொல்லாங்கொட்டை தல்லி ஒடைக்குத கைக்குத் தேங்காயெண்ணெயா? நல்லாருக்கே நேசபாய்! நாளைக்கு தலைக்குப் பூவும் கேப்பிய.

— பூவு கெடக்கட்டும் மொதலாளி. முந்திரித் தோட்டுக்க பாலு பட்டு நூத்தம்பது பொம்பளையளுக்கும் கை வெந்து கெடக்கு. சோத்துல ஒரு கல்லு உப்பு போட்டுப் பெசைய முடியல்ல. இன்னா, பாருங்க.

— கையை அங்கயே வை. கையில தேய்க்கச் சாம்பல் தாறேன்லா? எங்க அப்பா காலத்துல அதும் கெடையாது.

— ஒங்க அப்பா காலத்துல கொட்டை தல்லுத இந்த அண்டியாபீசே கெடையாதே.

— யாரு, சொர்ணம்மாளா? நீ எதுக்கு வந்தே?

— யூனியன்ல ரெண்டு பேரு போணும்ணு தீருமானம். இவ பேசுவா. நான் கூட இருப்பேன்.

— அப்பொ வாயைத் தொறக்காம இரி. நேசபாய், கேட்டியா, மூணு நாளா வேலையை விட்டுட்டு வாசல்ல குத்த வச்சிருக்கிய. எனக்கு என்ன? ஒரு அவசரமும் இல்ல. இன்னும் ஒரு மாசம் இருங்க. திருவனந்தபுரத்துக்கு மனு போடுங்க. நான் வீட்டுல சாஞ்சு கெடப்பேன். ம், மேல சொல்லு.

சொல்லு பிள்ளே.

என்ன நேசபாய், ஒண்ணும் பேசாம மிண்டாம இருக்கே? செரி, சாம்பல் இன்னும் ஒரு கூடை தாறேன்.

எதுக்கு என் மொகத்தையே பாக்கே? செரி, பத்து பேருக்கு ஒரு கரண்டி எண்ணெ. போருமா?

— திங்கக்கெழம பேசுவோம், மொதலாளி.

— திங்கக்கெழமயா?

— நாங்க வாறோம்.

— இரி, இரி! எங்க எந்திரிக்கே? ஞாயித்துக்கெழம கொச்சியில கப்பலு விட்டுருமே! நானூறு டின்னு பருப்புக்கு வாக்கு குடுத்திருக்கேன், நானா இருந்து தல்லுவேன்? செரி. ஆளுக்கு ஒரு கரண்டி. தெனமும்.

— கை கழுவ சோப்பு?

— சொர்ணம், நீ வாயைத் தொறக்காதேண்ணு சொன்னேன்லா! சோப்பும் தாறேன். ஒரு பேப்பரை இங்க கொண்டா, ஒப்பு போடுகேன். மத்தியானமே எல்லாரும் உள்ள கேறணும்.

— ஏட்டி நேசபாய், கேட்டு தாண்டுத வர பைய நட. அவரு சன்னல் வழியா பாத்துட்டு நிக்காரு. எனக்கு உசிரே போச்சு! திங்கக்கெழமண்ணு சொன்னியே! அடுப்பு எரியாத வீட்டுக்காரியெல்லாம் நாளைக்கே வேலைக்குக் கேறிருவாளுவண்ணு ஒனக்குத் தெரியாதா? தொடையில நுள்ளினேன், அனங்கினியா நீ?

— நுள்ளினது நீதானா? கட்டெறும்புண்ணு நெனச்சேன்.

— வெளையாடாதட்டி. கப்பலு ஞாயித்துக்கெழம போவுதுண்ணு ஒனக்கு யாரு சொன்னா?

— எவரும் சொல்லல்ல. அவரு சொல்லித்தான் கப்பலே அறிஞ்சேன்.

— பெறவு எந்த தைரியத்துல மிண்டாம இருந்தே? அவரு படி படியா எறங்கி வந்தாரே!

— 'ஒரு மாசம் இருங்க'ண்ணு அவரு சொன்னாருல்லா, அதோட பேச படிச்சிட்டு வந்தது எல்லாம் மறந்து போச்சு, ஒண்ணும் ஓர்மையில்ல சொர்ணம். திங்கக்கெழம எனக்குப் பதிலா ஒன்னை அனுப்பிரலாம்ணுதான் எந்திரிச்சேன்.