அணைத்த பிறகும் வெளிச்சம்

— இன்னும் கொஞ்சம் இடது பக்கம். இல்லக்கா, உன் இடது.

— உனக்கு ஒரு இடது, எனக்கு ஒரு இடதாடா?

— ரைஃபிளை ஆட்டாத. டார்ச்சுப் பிடியில ரெண்டு திருகு இருக்கு பாரு, அதை மட்டும் திருகு. வெளிச்சத்தோட நடு வந்து ஸ்கோப்புல குறி பாக்குற கிராஸ் மேல உக்காரணும்.

— எந்த வெளிச்சம்? அது எரியுதா இல்லையான்னே தெரியல.

— வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இன்ஃப்ராரெட். அதுக்குத்தான் அவ்வளவு விலை வாங்கினான். ஸ்கோப்புக்குள்ள பாரு.

— அடேங்கப்பா... லாக்கி, வேலிக்கம்பியில உறைபனி ஒட்டியிருக்கிறது கூடத் தெரியுதுடா.

— இப்ப ஸ்கோப்புல இருந்து கண்ணை எடுத்துட்டுப் பாரு.

— ஒண்ணும் இல்ல. கன்னங்கரேல்னு இருக்கு.

— அவ்வளவுதான் வித்தை. சூரியன் மலைக்குப் பின்னாடி இறங்கின உடனே இந்தப் பள்ளத்தாக்குல எல்லாரும் குருடுதான். இதை வச்சிருக்கிறவனைத் தவிர.

— டீ இருக்கா ஃபிளாஸ்க்குல?

— இருக்கு. கறி அடைச்ச பேஸ்ட்ரி ஒண்ணு மிச்சமிருக்கு. உறைஞ்சு கல்லா கிடக்கும்.

— அதைச் சுட்டே பழகியிருக்கலாம். மத்தியானம் பாவம் காகிதத் தட்டைப் போட்டுத் துளைச்சோம்.

— தட்டைத் துளைச்சது நான். நீ தட்டுக்குப் பின்னாடி இருந்த மலையைத் துளைச்ச.

— முதல் குண்டுதான்டா மலைக்கு. அப்புறம் கிராஸைக் குண்டு பட்ட இடத்து மேல திருகி வச்சப்புறம் மூணும் நடுவுல விழுந்துச்சா இல்லையா?

— விழுந்துச்சு. ஒத்துக்கிறேன். எனக்கே கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு.

— எதுக்குப் பயம்?

— ஒண்ணுமில்ல... அஞ்சு வருஷமா இந்தப் பண்ணைக்குள்ள ஒருத்தனையும் துப்பாக்கியோட விடல நீ. விளக்கடிச்சு முயல் சுட வந்தவங்களை வண்டிய மறிச்சுத் திருப்பி அனுப்பின. போன மாசம் நீயா போன் பண்ணி, எனக்கொரு நைட் விஷன் மாட்டிக் குடுடான்னப்ப, நம்பர் மாறி வந்துருச்சோன்னு பாத்தேன்.

— கவுன்சில்ல இருந்து ஆள் வந்து, முயலை ஒழிக்கலைன்னா அபராதம்னு எச்சரிச்சுட்டுப் போனான்னு சொன்னேன்ல. குதிரைமசால் பூரா முயல் மேஞ்சா என் ஆடு எதைத் திங்கும்? மண்ணையா?

— நல்ல முடிவுதான்க்கா. அதுவும் இதுல என்ன நல்லதுன்னா, முழு உருவமும் தெரியும். காது, முதுகு, வாலு, எல்லாம். வெள்ளை விளக்குலதான் ரெண்டு கண்ணு மட்டும்...

— தெரியும்.

— இல்ல, நான் சும்மா...

— ரெண்டு கண்ணு மினுக்குச்சு, மான்னு நினைச்சுச் சுட்டேன்னு நெவில் கோர்ட்டுல சொன்னான். அது எங்க நாயோட கண்ணு. நாய்க்குப் பக்கத்துல என் புருஷன் ஆங்கஸ் நின்னுட்டிருந்தான். எங்க கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா மோதிரத்தை எடுத்துக் குடுத்த கையி, அதே கையி அவனைச் சுட்டுச்சு. எனக்கு நீ கண்ணைப் பத்தி விளக்க வேண்டாம்டா.

— ...மன்னிச்சுக்கக்கா.

— டீயை ஊத்து.

— இந்தா. சூடு, பாத்து.

— லாக்கி.

— ம்?

— மனுஷன் தெரிவானா இதுல?

— மனுஷனா? மனுஷன் எதுக்கு?

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— தெரிவான். முகமே தெரியும், கிட்டத்துல இருந்தா. எதுக்குக் கேக்குற?

— இங்க யாரோ வர்றான்டா.

— எங்க?

— ஆத்தோர வயலுக்கு. ராத்திரியில. காலையில போனா வாசல் வேலியில ஜோடி ஜோடியா முயல் தொங்குது. குடல் எடுத்து, சுத்தம் பண்ணி, ஒரு பின்னங்காலை இன்னொண்ணுக்குள்ள கோத்து, நாரால முடிச்சுப் போட்டு.

— அட! திருடன் எடுத்துட்டுத்தான் போவான். உன் திருடன் கொண்டாந்து மாட்டிட்டுப் போறானா? சம்பளம் குடுத்து வச்சுக்கக்கா.

— சிரிக்காத. தனியா படுத்திருக்கிறவ நான்.

— ஊர்ப் பசங்களா இருக்கும். தோலுக்கோ நாய்த் தீனிக்கோ பிடிக்கிறானுங்க, உனக்கும் பங்கு வச்சுட்டுப் போறானுங்க.

— பசங்கன்னா விளக்கு தெரியும், வண்டிச் சத்தம் கேக்கும். ஒரு வெடிச் சத்தம் இல்ல. முயல் மேல சுட்ட காயமும் இல்ல. கண்ணி வச்சுப் பிடிக்கிறான். இந்தக் கும்மிருட்டுல, முள்ளுலயும் பாறையிலயும், விளக்கே இல்லாம எப்படிடா நடக்குறான்?

— நிலா வெளிச்சத்துல...

— போன வாரம் பூரா மூடுபனி. நிலா எங்க வந்துச்சு?

— ...எனக்கென்னக்கா தெரியும். இப்படிக் குடு, டார்ச்சை நான் சரி பண்றேன்.

— பண்ணு.

— ...இப்படி விரிச்சு வச்சா அகலமாப் பரவும். வயல் பூராத் தெரியும்.

— எங்க தெரியுது? முன்னாடி நிக்கிற புல்லுதான் வெள்ளையா எரியுது. அதுக்கு அந்தப் பக்கம் வெறும் இருட்டு.

— முயலுக்கு அம்பது கஜம் போதும்.

— எனக்கு அந்த ஆத்தங்கரை வில்லோ மரங்க வரைக்கும் போகணும்.

— அங்க முயல் இல்லக்கா.

— உனக்கு எப்படித் தெரியும்? நீ டனீடின்ல ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவன்.

— ஆத்தங்கரை ஈரம்ல. முயல் ஈரத்துல வளை தோண்டாது.

— என் வீட்டு முயலைப் பத்தி எனக்கே பாடம் எடுக்குறியா? குடு இங்க. இந்த முனையைத் திருகினா சுருங்கும், இல்ல?

— அக்கா, அது பழகப் பழக...

— தள்ளுடா. மத்தியானம் நீ செஞ்சதைப் பாத்துட்டுத்தானே இருந்தேன்... ஆங். வருது. குறுகி நீளமாப் போகுது. மரம் தெரியுது. அடுத்த மரம்... 

— பேட்டரி போயிரும்க்கா. அணைச்சிடு. மிச்சத்தை நாளைக்குப் பாக்கலாம். குளிர்ல விரல் விறைக்குது.

— சரி. அணைச்சுட்டேன்.

— வா, வீட்டுக்குப் போலாம். நான் வாத்துக் கறி பொரிக்கிறேன்.

— ...லாக்கி.

— ம்?

— டார்ச்சை அணைச்சுட்டேன்டா.

— அணைச்சுட்டல்ல. எந்திரி.

— அப்புறம் ஏன் இதுல இன்னும் வெளிச்சமா இருக்கு?

— என்ன?

— நீ பாரு. இதுல மாட்டின டார்ச்சு அணைஞ்சிருக்கு. மரத்தடியில மட்டும் வெள்ளையா ஒரு வட்டம்... ஐயோ.

— ஸ்கிரீன்ல ஏதாவது கோளாறா இருக்கும்க்கா. புதுசுல...

— நகருதுடா! அந்த வட்டம் நகருது!

— குடு, நான் பாக்குறேன்.

— கையை எடு. கண்ணை எடுத்துட்டுப் பாத்தா ஒண்ணுமே இல்ல, கும்மிருட்டு. உள்ள பாத்தா ஒருத்தன் விளக்கு போட்டுட்டு நடக்குறான். இதே மாதிரி டார்ச்சு. தலையில கட்டியிருக்கான். கண்ணுல என்னமோ மாட்டியிருக்கான்... கடவுளே, இப்படித்தான் நடக்குறானா? இத்தனை நாளும் என் வயல்ல விளக்கு எரிஞ்சிருக்கு, நான் ஜன்னல்ல நின்னு இருட்டைப் பாத்துட்டு இருந்திருக்கேன்.

— அக்கா, ரைஃபிளைக் கீழ வச்சுட்டுப் பேசு.

— குனியுறான். கண்ணியப் பாக்குறான். முயல் ஒண்ணை எடுத்து... ஆத்தோரத்து நார் இலையைக் கிழிக்கிறான். முடிச்சுப் போடுறான்.

— யாரோ பாவப்பட்டவன். குண்டு மேகசினைத்தான் கழட்டியாச்சே. எதுக்கும் குறி வைக்காத, மனுஷன் அது.

— ஏன்டா என் தோளைப் பிடிச்சு இழுக்குற?

— உன் கையில துப்பாக்கி இருக்கு, அதான்!

— உனக்கு ஆச்சரியமே இல்லையேடா லாக்கி. ஒருத்தன் இதே சாமானைத் தலையில மாட்டிட்டு என் வயல்ல நிக்கிறான். யாருன்னு ஒரு வார்த்தை கேக்கலையே நீ.

— எந்திரிக்கா, வீட்டுக்குப் போலாம்.

— யாரு அது?

— முதல்ல ரைஃபிளைக் கீழ வை.

— நீதானே சொன்ன, நெவில் ஜெயில்ல இருந்து வந்ததும் ஆஸ்திரேலியா போயிட்டான்னு.

— அக்கா...

— எனக்கு முதல் ஜோடி தொங்கினப்பவே தெரியும்டா. அந்த நார் முடிச்சு. ஆங்கஸும் நெவிலும் பள்ளிக்கூடம் போற வயசுல இருந்து போட்ட முடிச்சு அது. இந்த ஜில்லாவுல இன்னொருத்தன் அப்படிப் போட மாட்டான்.

— தெரிஞ்சுமா என்னைக் கூப்பிட்ட?

— கவுன்சில்ல இருந்து யாரும் வரலடா.

— என்ன?

— முயலுக்காக இதை வாங்கச் சொல்லல. இந்தத் தடவை என்ன சுடுறோம்னு நல்லாத் தெரிஞ்சு சுடணும்னு வாங்கச் சொன்னேன்.

— ஐயோ... அக்கா, என்ன பேசுற நீ? மேகசின்... மத்தியானம் கழட்டி என் பையில போட்டேனே...

— பையில பாரு.

— ...இல்ல. அக்கா, இல்ல!

— அவன் தலையில இருக்கிறதை யார் குடுத்தா?

— நான்தான். நீ போன் பண்றதுக்கு முன்னாடியே வாங்கிக் குடுத்தேன். பக்கத்துல க்ளைட் ஊருல ஒரு பழத்தோட்டத்துல கூலிக்கு இருக்கான். ஒரு நாள் என்கிட்ட வந்து உன் பேரைச் சொல்லி, துப்பாக்கி இனி தொட மாட்டேன், ஆனா ஷோனாவோட வயலை முயல் அழிக்குது, ஆங்கஸ் இருந்தா விடுவானா, நான் கண்ணி வைக்கட்டுமான்னு அழுதான். உன்கிட்ட எப்படிக் கேப்பேன்? அதான் வெளிச்சம் தெரியாம வரட்டும்னு... உனக்குத் தெரியவே வேண்டாம்னு...

— என் தம்பி. என் கூடப் பிறந்தவன்.

— திட்டு. அடி. எதை வேணா பண்ணு. அதுல இருந்து கண்ணை மட்டும் எடு.

— முகம் தெரியுதுடா. நீ சொன்னது சரிதான். இளைச்சுப் போயிருக்கான். தாடி வச்சிருக்கான்.

— நீ மறுபடி டார்ச்சைப் போட்டுட்டியா?

— போட்டுட்டேன். சுருக்கி, நேரா நெஞ்சு மேல.

— ஐயோ, அணை! நமக்குத்தான் இது தெரியாது. அவன் மாட்டியிருக்கிறதுல லாரி விளக்கு மாதிரி தெரியும். எங்க இருந்து வருது, யார் பிடிச்சிருக்கா, எல்லாம் தெரிஞ்சிரும்!

— தெரிஞ்சிருச்சு. திரும்பிட்டான். நேரா என்னைப் பாக்குறான். கண்ணுல மாட்டியிருந்ததைக் கழட்டிட்டான்டா. கண்ணு ரெண்டும் வெள்ளையா மினுக்குது... முயலைக் கீழ போட்டுட்டான்.

— அக்கா, விரல் எங்க இருக்கு? அக்கா!

— ஏன்டா ஓட மாட்டேங்கிறான்? பின்னாடி ஆறு இருக்கு, மரம் இருக்கு. ஒரு எட்டு வச்சா மறைஞ்சிருவான். கையை ரெண்டு பக்கமும் தொங்கப் போட்டுட்டு, கோயில்ல நிக்கிற மாதிரி நிக்கிறான். ஏன் ஓடல? சொல்லு, ஏன் ஓடல?

— ஓட மாட்டான்க்கா... இன்னைக்கு அக்காவுக்கு ஸ்கோப் மாட்டப் போறேன், ஆத்துப் பக்கம் தலை காட்டாதன்னு காலையில அவன்கிட்ட சொன்னேன். அதைக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கான். என்னைக்காவது அவ என் மேல வெளிச்சம் போட்டா நான் அசைய மாட்டேன் லாக்கி, அவளுக்குக் குறி தப்பக் கூடாதுன்னு முன்னாடியே ஒரு தடவை சொன்னான். குடிச்சுட்டு உளறுறான்னு நினைச்சேன்... அக்கா. இங்க பாரு. என்னைப் பாரு. அதை என் கையில குடுத்திரு, அக்கா.