ரெண்டு லிட்டர் போதும்

ரத்தமா? அது ஒண்ணுமில்ல சிஸ்டர். உங்க வீட்டுக்காரரு வாசல்லயே ஒண்ணு விட்டாரு, உதடு கிழிஞ்சுடுச்சு. நான் கையைத் தூக்கல. இன்னும் நாலு போடணும்னாலும் போட்டுக்கட்டும், தடுக்காதீங்க. நீங்க வாயைத் திறக்க வேணாம், தாடையில கம்பி கட்டியிருக்கு, தெரியும். பத்து நிமிஷம் கேளுங்க, போதும். ஜாமீன்ல வந்தவன் உங்க தெருப் பக்கமே வரக்கூடாது. தெரிஞ்சுதான் வந்தேன்.

நான் கேஸ் வெல்டர். அன்னிக்கு வார்டுலயே கத்தினேனே, இருவது வருஷமா ஆக்சிஜன் சிலிண்டரோட பொழப்பு நடத்துறவன், எனக்கே சொல்லித் தர்றியான்னு. அந்தத் திமிருதான். எங்களுக்கு ஒரே கணக்குதான் சிஸ்டர், காத்தைக் கூட்டினா தீ நல்லாப் பிடிக்கும், இரும்பு வெண்ணெய் மாதிரி அறுபடும். மனுசனுக்கும் அதான்னு நெனச்சேன்.

எங்கப்பா நாப்பது வருஷம் பீடி குடிச்ச நெஞ்சு. விரல்ல கிளிப்பு மாட்டினா ரத்தத்துல ஆக்சிஜன் எண்பத்தொம்பதுன்னு டப்பாவில காட்டுது. பக்கத்துக் கட்டில்காரருக்குத் தொண்ணூத்தெட்டு. அவரு பொண்டாட்டி வேற எட்டி எட்டிப் பாக்குறாங்க. நம்ம அப்பன் என்னமோ பரீட்சையில ஃபெயிலான மாதிரி எனக்கு ஒரே அவமானம். காலையில நானே ஆக்சிஜன் குமிழைத் திருகி ஏத்தி வச்சேன். நீங்க வந்து இறக்கினீங்க. பொறுமையாத்தான் சொன்னீங்க, இல்லேன்னு சொல்ல மாட்டேன். இவருக்கு ரெண்டு லிட்டர் போதும்ணா, எண்பத்தெட்டுலேர்ந்து தொண்ணூத்திரெண்டுக்குள்ள நின்னா நல்லது, அதுக்கு மேல கொடுத்தா கெட்ட காத்து உள்ளயே தங்கிடும், மயங்கி மயங்கித் தூங்கிட்டே போயிடுவாருன்னீங்க. என் காதுல என்ன விழுந்துச்சு தெரியுமா? கெழவனுக்கு இது போதும். அது மட்டும்தான்.

மத்தியானம் அப்பா மூச்சுக்குத் தவிச்சாரு. மறுபடி ஏத்தினேன். மறுபடி வந்து குமிழ்மேல கை வச்சீங்க. சிலிண்டர் திறக்கற சாவி அங்க சங்கிலியில தொங்குச்சு. இழுத்தேன், அறுந்து கையோட வந்துடுச்சு. அரை முழ இரும்பு. வீசினேன். ஒரு சத்தம் வந்துச்சே சிஸ்டர், பட்டறையில எவ்வளவோ சத்தம் கேட்டிருக்கேன், இது மாதிரி கேட்டதில்ல. நீங்க கட்டில் கால்ல மோதி விழுந்தீங்க. பல்லு ஒண்ணு என் செருப்புகிட்ட வந்து கெடந்துச்சு. அதோட விட்டேனா? விழுந்தவங்களை ஒரு மிதி மிதிச்சேன். தோள்பட்டை அதுலதானே போச்சு? ம்... தெரியும்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. உங்களைத் தூக்கிட்டு ஓடிட்டாங்க. கம்பவுண்டர் கிட்ட வந்தாரு, மண்டையைப் பொளந்துடுவேன்னு சாவியை ஓங்கினேன். வாட்ச்மேன் ரெண்டு பேரும் வாசல்லயே நின்னுட்டாங்க, போலீஸ் வரட்டும்னு. அவங்க வந்து சேரவே ரெண்டு மணி நேரமாச்சு. பக்கத்துக் கட்டில்காரரைக் கட்டிலோட தள்ளிட்டுப் போயிட்டாங்க. நான் திரையை இழுத்துவிட்டேன். நானும் அப்பாவும் மட்டும்.

மீட்டர் கண்ணாடிக் குழாய்க்குள்ள இருக்கற குண்டு மேல போய் முட்டுற வரைக்கும் குமிழைத் திருகினேன். டப்பாவில தொண்ணூத்தொம்பது! அப்பா மூஞ்சி செவந்து, தவிப்பு அடங்கி, கண்ணு சொருகிடுச்சு. தம்பிக்கு போன் போட்டேன். டேய், நாலு நாளா பொட்டுத் தூக்கமில்ல, இப்பப் பாரு, குழந்தை மாதிரி தூங்குறாருடான்னேன். அவன் அழுதான், சந்தோஷத்துல.

ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும். குறட்டை நின்னுச்சு. அப்பான்னேன். கன்னத்துல தட்டினேன், கிள்ளினேன். இல்ல.

அழாதீங்க சிஸ்டர், தாடை வலிக்கும். ஏங்க சார், நீங்களும் அந்தக் கட்டையைக் கொஞ்சம் கீழ வைங்க, ஓடிப் போற ஆளு இல்ல நான்.

நாளைக்கு ஆஸ்பத்திரியில உங்க மேல விசாரணைன்னு கேள்விப்பட்டேன். சிஸ்டர் காத்தைக் குறைச்சு எங்கப்பாவைக் கொன்னுட்டாங்கன்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் வந்து பாக்கும்போது மீட்டர் ரெண்டுலதான் இருந்துச்சு, அதை வச்சுத்தான் உங்களை வேலையை விட்டு நிறுத்தியிருக்காங்க. நான் வரேன். எங்க கையெழுத்து கேட்டாலும் போடுறேன். ரெண்டு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்கல்ல?

அப்பா எந்திரிக்கலேன்னதும் நீங்க சொன்னது அப்படியே ஞாபகம் வந்துடுச்சு. நெஞ்சுல கை வச்சேன், உள்ள லேசா அடிச்சுட்டுதான் இருந்துச்சு. கத்தியிருந்தா ஓடி வந்திருப்பாங்க. வந்தா மீட்டரைப் பாப்பாங்களே. அதனால முதல்ல குமிழைத் திருகி, குண்டு ரெண்டுக்கு இறங்கி நிக்குதான்னு பாத்தேன். அப்புறம்தான் கத்தினேன்.