தோளில் ஒரு கொக்கி

இந்த அறையின் திரைச்சீலையைத் தைத்தவர் நூலோட்டம் பார்க்காமல் வெட்டியிருக்கிறார், மேடம். அதனால்தான் ஒரு பக்கம் தரையில் புரள்கிறது, மறு பக்கம் எம்பிக்கொண்டு நிற்கிறது. துணிக்கு ஒரு போக்கு உண்டு. நெய்யும்போதே அது எந்த வாக்கில் விழ வேண்டும் என்பது முடிவாகிவிடும். வெட்டுகிறவர் அதை விரலால் தடவித் தெரிந்துகொள்ள வேண்டும். அவசரப்பட்டால் இப்படித்தான், கிழியும் வரை கோணல்.

தண்ணீர் வேண்டாம். நான் நிதானமாகத்தான் இருக்கிறேன். என்னை யாரும் ஸ்டேஷனுக்கு அழைத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன்.

கடை என் தங்கையின் பெயரில் இருக்கிறது. முன்னறையில் ஆளுயரக் கண்ணாடியும் சோபாவும், அவளும். சுவருக்குப் பின்னால் வெட்டு மேசை, தையல் இயந்திரங்கள், துணி போட்டுப் பார்க்கும் பொம்மை, இஸ்திரிப் புழுக்கம், நான். வருகிறவர்களிடம் அவள் பேசுவாள், நான் வெட்டுவேன். எங்களுக்குள் அப்படித்தான் பிரிந்திருந்தது, எனக்கு அதில் குறையும் இல்லை. அவளுக்கு நிறம் பார்க்கும் கண் உண்டு. ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எந்தப் பச்சை எடுக்கும், எந்தப் பச்சை சோகை பிடித்த மாதிரி காட்டும் என்று சொல்லிவிடுவாள். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் துணியை விழ வைக்க அவளுக்குத் தெரியாது. ஒரு மடிப்பைக்கூட அவள் கையால் நிற்க வைத்ததில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. படுக்கையில் கிடப்பவருக்கு நீங்கள் உடை மாற்றியிருக்கிறீர்களா? கையைத் தூக்கிச் சட்டைக்குள் நுழைக்க வேண்டும். விழுந்துபோன கையைத் தூக்கினால் தோள்மூட்டில் உயிர் போகும். உடை மாற்றும்போதெல்லாம் அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அழுவதை நான் பார்க்கக் கூடாதாம்.

அதற்காகத்தான் அந்த உடையைச் செய்தேன். கடையில் வெட்டி மிஞ்சிய துணிகளைப் பொம்மைமேல் போட்டுப் போட்டுப் பார்த்தேன். கையைத் தூக்கக் கூடாது, தலை வழியாக நுழைக்கக் கூடாது, படுத்திருப்பவளைப் புரட்டவும் கூடாது. வெட்டிய துணியெல்லாம் குப்பைக்குப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பிடிபட்டது. ஒரே துண்டு, நூலோட்டத்துக்கு மூலைவாட்டமாக, குறுக்கு வாக்கில் வெட்டியது. அப்படி வெட்டினால் துணி உடம்புக்குத் தகுந்தபடி இளகிக் கொடுக்கும். கைத்துளை கிடையாது, பக்கத் தையல் கிடையாது. ஒரு தோளிலிருந்து சரிந்து, இடுப்பைச் சுற்றி வந்து, அதே தோளில் போய்ச் சேரும். அங்கே ஒரே ஒரு கொக்கி. அதைக் கழற்றினால் மொத்தத் துணியும் தானாக வழிந்து இறங்கிவிடும்.

முதல் தடவை அதை மாட்டிவிட்டபோது அம்மா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்து, குழறலாக, "வலிக்கல" என்றாள். இத்தனை காலம் ஊசி பிடித்ததற்கு எனக்குக் கிடைத்த பாராட்டு அந்த ஒரு சொல்தான்.

தங்கை அம்மாவைப் பார்க்க வந்தால் அறை வாசலிலேயே நின்றுகொள்வாள், கைக்குட்டையும் மூக்குமாக. அன்று உள்ளே வந்தாள். அம்மாவின் தோளிலிருந்து இறங்கிய மடிப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இது எப்படிக்கா நிக்குது?" என்றாள்.

நான் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்தேன். அம்மாவை அவள் தொடவில்லை, மேடம். மடிப்பை மட்டும்தான் தொட்டாள்.

அம்மா போன பிறகு அதே வெட்டைப் பட்டில் போடச் சொன்னாள். போட்டேன். வசதியான வீட்டுப் பெண்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். அதன் பிறகு அவளை டிவியில் கூப்பிட்டார்கள். தையல் அறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு மலைப் பக்கம் போயிருந்தேன்," என்று அவள் சொன்னாள். "அருவி விழுந்துட்டு இருந்துச்சு. அதையே பாத்துட்டு நின்னேன். தண்ணிக்கு ஏது தையல்னு தோணுச்சு. அப்பதான் இந்த டிசைன் கெடச்சுது." உடைக்கு 'அருவி' என்று பெயரும் வைத்துவிட்டாள்.

பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் அம்மாள் மெதுவாக என் பக்கம் திரும்பி, "அருவியாமே, பெரியக்கா" என்றாள். எங்கள் அம்மாவுக்கு அந்த உடையை நான் போட்டுவிட்டதை அவள் நேரில் பார்த்தவள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கடை சாத்தும் நேரத்தில் தங்கையிடம் கேட்டேன்.

"அருவிய எப்ப பாத்த?"

"ஐயோ அக்கா, டிவில வேற என்ன சொல்லச் சொல்ற? படுத்த படுக்கையா கெடந்தவங்களுக்குத் தெச்சதுன்னா? அப்புறம் எவ போடுவா? அந்தக் கதைல மூத்திர நாத்தம் அடிக்கும்க்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு என் தோளில் கைபோட்டு, "யாரு செஞ்சா என்ன, எல்லாம் நம்ம கடைதானே" என்றாள்.

நான் கத்தவில்லை. அவளை அறையவும் இல்லை. மேசையில் கிடந்த வேலையை எடுத்து வெட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். கோபத்தில் கை நடுங்கும் என்பார்கள். என் வெட்டு அன்று இம்மி பிசகவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதன் பிறகுதான் எங்கள் உடைகளைப் போட்டு நடந்து காட்டும் இந்த மேடைக் காட்சி வந்தது. பெரிய மண்டபம், பிரமுகர்கள், கேமராக்கள். கடைசியாக 'அருவி' வரும், அதைத் தானே அணிந்து வரப்போவதாகத் தங்கை சொன்னாள். வழியின் இரண்டு ஓரத்திலும் தரையோடு மெழுகுவர்த்தி வரிசை. அது அவள் யோசனை. வர்த்திகளுக்குக் கண்ணாடிக் குடுவை மாட்டியிருந்தார்கள். குடுவை வழியாக வரும் ஒளி துணியில் திட்டுத்திட்டாக விழுகிறது, எடுத்துவிட்டால் மடிப்பெல்லாம் ஓடுவது தெரியும் என்றேன். அது என் யோசனை. மேடை போடுகிறவரிடம் போய் அவள் அதைத் தன் யோசனையாகச் சொன்னாள். அவள் அப்படித்தான் செய்வாள் என்று எனக்குத் தெரியும்.

துணியையும் நானே எடுத்தேன். பட்டு வேண்டாம் என்றேன். எங்கள் தொழிலில் ஒரு துணி எதனால் ஆனது என்று சந்தேகம் வந்தால் நூலைப் பிரித்து நெருப்பில் காட்டிப் பார்ப்போம். பட்டு முடி கருகுகிற மாதிரி நாறும், சுருண்டு தானே அணைந்துவிடும். நான் எடுத்தது வேறு. ரேயானில் மெல்லியது, மேல்பரப்பைச் சுரண்டிப் பூனைமயிர் எழுப்பியது. தொட்டால் கைக்குழந்தையின் பிடரியைத் தொடுகிற மாதிரி இருக்கும். அது விழுகிற அழகுக்குப் பட்டு பக்கத்தில் வர முடியாது. நெருப்பைக் காட்டினால் அந்தப் பூனைமயிர் முழுக்க ஒரே ஓட்டமாக ஓடும். துணிக்கடைக்காரர் அளந்து வெட்டும்போதே சொன்னார்: "அடுப்பு, வெளக்குப் பக்கம் போகாம பாத்துக்கங்கம்மா. இத உடுப்புக்கு நான் குடுக்கறதே இல்ல." சரி என்றேன்.

ஓரம் கொஞ்சம் கருகும், அவள் மேடையில் அலறி அடித்துக்கொண்டு ஓடுவாள், நாலு பேர் சிரிப்பார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான். அவள் ஒரு முறை எல்லோர் முன்னாலும் கூசிப்போக வேண்டும். இது பெரிய ஆசையா?

குச்சியைப் பற்றிக் கேட்டீர்கள். தைத்த உடை சரியாக விழுகிறதா என்று போட்டு நின்று காட்டுவதற்கு எங்கள் கடையில் இருந்த பெண் அவள். ஒல்லி, அதனால் குச்சி. "இவளுக்குத் துணி போட்டா கொடிக் கம்பில காயப்போட்ட மாதிரி இருக்கு" என்று காஜாக்காரம்மா சொன்னால், "காத்தடிச்சா நானும் பறந்துருவேன்" என்று அவளே கையை விரித்து ஆடிக் காட்டுவாள். அசையாமல் நிற்கத் தெரிந்தவள். குண்டூசி குத்தினால்கூட முகம் சுளிக்க மாட்டாள். நல்ல பெண்.

அன்று சாயங்காலம் மேடைக்குப் பின்னால் தங்கைக்கு உடுத்திவிட நான் தயாராக நின்றேன். உடை கையில் இருந்தது. அவள் வந்து, "அக்கா, நான் போடல. நான் மைக்ல பேசணும்ல? குச்சிக்குப் போட்டு விடு" என்றாள். போய்விட்டாள்.

நீங்கள் இந்த இடத்தில்தான் என்னை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறீர்கள். அப்போதாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். என்ன காரணம் சொல்வது? வெளியே பேச்சு தொடங்கிவிட்டது. அவள் குரல் கேட்டது. மலை, அருவி, தண்ணிக்கு ஏது தையல். அதே வார்த்தைகள், அதே இடத்தில் அதே மாதிரி ஒரு சின்ன நிறுத்தம். கைதட்டினார்கள். என் அம்மா வலியில் சுவரைப் பார்த்துக் கிடந்ததற்குக் கைதட்டுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. குச்சி ஏற்கெனவே தோளைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தாள்.

போட்டுவிட்டேன். தோளில் சேரும் இடத்தைத் தைத்தேன்.

"பெரியக்கா, இதுல கொக்கி இருக்குமே?"

"கொக்கி வெளிச்சத்துல மின்னும். தெச்சா நல்லா விழும்."

"அப்புறம் எப்படிக் கழட்டறது?"

"நான் வந்து பிரிச்சு விடறேன்."

"முடிஞ்சதும் என்ன ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க பெரியக்கா. எங்கம்மாவுக்குக் காட்டணும்" என்றாள். சரி என்றேன். நூலை இரட்டையாகக் கோத்து, பின்தையலாகப் போட்டேன். ஒரு தையல் போட்டு, அதிலேயே பாதி பின்னால் வந்து மறு தையல். இழுத்தால் துணி கிழியும், தையல் விடாது. கொக்கி என் பையில் இருந்தது.

அவள் நடந்தபோது மண்டபமே மூச்சு விடவில்லை. பொய் சொல்லக் கூடாது, அந்த உடை அப்படி விழுந்ததை நானே அதற்கு முன் பார்த்ததில்லை. வழியின் கோடியில் அவள் திரும்பினாள். திரும்பும்போது பின்பக்கம் விரியும், அதற்காகத்தான் குறுக்கு வாக்கு. விரிந்தது.

முதலில் அதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். நெருப்பு கீழிருந்து மேலே ஏறவில்லை, மேடம், ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் இருந்தது. தங்கை மைக்கைப் போட்டுவிட்டு ஓடினாள். குச்சியைக் கட்டிப்பிடித்தாள். வெறுங்கையால் அவள் தோளைத் தடவித் தடவித் தேடினாள். கொக்கியைத் தேடினாள். அங்கே கொக்கி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், நான்தானே சொல்லிக்கொடுத்தேன். "அக்கா, கத்தரி" என்று கத்தினாள். கத்தரி என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் திரை ஓரத்தில் நின்று பார்த்தேன். வேறு யாரோ தரைவிரிப்பைக் கொண்டுவந்து சுற்றினார்கள்.

குச்சி மருத்துவமனையில் சில நாள் இருந்து இறந்துபோனாள். அவள் அம்மா வந்திருந்தாள். நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த அம்மாளிடம் எனக்கு என்ன பேச்சு இருக்கிறது?

நேற்று காஜாக்காரம்மா என் வீட்டுக்கு வந்து அழுதாள். தங்கை இரண்டு கையிலும் கட்டோடு கிடக்கிறாளாம். உங்களிடம் அவள் சொன்னது இதுதானாம்: "டிசைன் என்னோடது, துணி நான் எடுத்தது, கொக்கி வேண்டாம்னது நான், குடுவைய எடுக்கச் சொன்னது நான், எங்க அக்கா நான் சொன்னதத் தெச்சா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அதைக் கேட்டபோது, டிவியில் அருவியைப் பற்றிச் சொன்னபோதுகூட வராத கோபம் எனக்கு வந்தது. ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன்.

இப்போது நீங்கள் என்னிடம் தணிந்த குரலில் சொல்கிறீர்கள், "உங்க தங்கச்சி உங்களக் காப்பாத்தப் பாக்கறாங்கம்மா" என்று. நீங்கள் அவளை ஒரு நாள் பார்த்திருக்கிறீர்கள். நான் அவளுக்குப் பாவாடை தைத்துப் போட்டு வளர்த்தவள். அவள் யாரையும் காப்பாற்றவில்லை. என் கையில் இருந்ததை மறுபடியும் எடுத்துக்கொண்டு போகிறாள்.

அந்த வெட்டு என்னுடையது. அந்தத் துணியைத் தடவிப் பார்த்து எடுத்தது நான். குடுவையை எடுக்க வைத்தது நான். தோளில் போட்ட தையல் என்னுடையது, அவளுக்குப் பின்தையல் போடவே வராது. பேனாவைக் கீழே வைக்காதீர்கள், மேடம். இந்த உடையைச் செய்தது அக்கா என்று முதலில் எழுதுங்கள். அந்தப் பெண் செத்ததை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.