மரியாதை என்றொரு எண்

தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, துணைவியாரான நம் பேராசிரியரைப் பறிகொடுத்துவிட்டு இந்த மேடையில் அமர்ந்திருக்கும் உசேன் பாய் அவர்களே, உத்தமபாளையம் ஜமாஅத்துப் பெரியவர்களே, ஓடைப்பட்டியிலிருந்து வந்திருக்கும் திராட்சை விவசாயிகளே, எங்கள் மாணவச் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த முத்துக்குமரனின் வணக்கம். எந்தக் கூட்டமானாலும் அந்தப் பேராசிரியரைப் பேச அழைத்துவிட்டு இறங்குவதுதான் என் வேலை. இன்று அவரைப் பற்றியே பேச நிற்கிறேன்.

பேராசிரியர் முனைவர் மெகருன்னிசா! எதை ஆராய்ந்தார் அவர்? கணினிப் புழுவை! ஒரு போனில் நுழைந்து, அந்த வாட்ஸப்பில் உள்ள அத்தனை பேருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொள்கிறதே, அந்தப் புழுவை. ஒவ்வொரு போனும் ஒரு புள்ளி, ஒவ்வொரு உறவும் ஒரு கோடு என்று வரைந்துகொண்டு, அது எந்தக் கோட்டில் ஓடும், எங்கே நிற்கும் என்று கணக்கிட்டுச் சொன்னவர் அவர்.

புழு வைத்த செய்தியை மனிதர்கள் ஆசைப்பட்டுத் திறக்கிறார்கள் என்றன வெளிநாட்டுப் புத்தகங்கள். இவர் ஒப்புக்கொண்டாரா? "நம்ம ஆளுக ஆசைக்கா தொறக்குறாக சார்? பெரியப்பா அனுப்பிட்டாக, தொறக்கலேன்னா கோவிச்சுக்கிருவாகன்னு தொறக்குறாக" என்றார். தன் கணக்கில் ஓர் எண்ணைச் சேர்த்து, அதற்கு 'மரியாதை' என்றே பெயர் வைத்தார். மாநாட்டில் அந்தப் பெயரை மாற்றச் சொன்னார்கள். மாற்றினாரா? மாட்டேன் என்று வந்துவிட்டார்!

ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். ஓடைப்பட்டி விவசாயிகள் கூட்டத்தில் அவர் பேசியது இன்னும் என் காதில் கேட்கிறது. "கல்யாணப் பத்திரிகைன்னா நாளைக்குப் பாத்துக்கிரலாம்னு விட்டுருவாக. துக்கச் செய்திய உடனே தொறந்துருவாக. எழவு வீட்டுக்குப் போன் போட்டு, இது நீங்க அனுப்புனதுதானான்னு யாரு கேப்பாக?"

யார் கேட்டோம்? நாம்தான் யாருமே கேட்கவில்லையே!

இந்த இரங்கல் கூட்டத்துக்கு நாங்கள் ஓர் அழைப்பு அனுப்பினோம். யாரோ ஒரு பாவி அதே வாசகத்தையும் அவர் படத்தையும் எடுத்து, உள்ளே புழுவை வைத்து அனுப்பிவிட்டான். முதலில் உசேன் பாய் திறந்தார். அவர் எண்ணிலிருந்து வந்ததால் நாம் அத்தனை பேரும் திறந்தோம். துக்கத்தில் இருக்கும் மனிதரிடம் போய் எப்படிக் கேட்பது என்று சும்மா இருந்துவிட்டோம். இப்போது நம் போன்களில் ஒரு செயலியாக, மெகருன்னிசாவின் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறது அந்தப் புழு. நாம் இங்கே அழுதுகொண்டிருக்கும்போதே நம் சொந்தபந்தங்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது.

அவருடைய ஆய்வு மாணவி மாரீஸ்வரி காலையிலிருந்து வாசலில் நின்று, அதை நீக்கிவிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சுகிறாள். ஓடைப்பட்டி பஞ்சம்மாள் என்ன சொன்னார் தெரியுமா? "அந்தப் புள்ள மொகத்த என் கையால எப்படி ஆத்தா அழிப்பேன்?"

அன்பர்களே! அவர் கணக்கில் திறக்கிறவர்கள் உண்டு, பரப்புகிறவர்கள் உண்டு, விவரம் தெரிந்ததும் நீக்குகிறவர்கள் உண்டு. தெரிந்த பிறகும் மனசு கேட்காமல் வைத்துக்கொள்கிறவர்களுக்கு அவர் இடமே வைக்கவில்லை. தனக்காக இத்தனை பேர் அழுவார்கள் என்று அந்த அம்மா எண்ணிப் பார்க்கவே இல்லையே!

அவர் விட்ட கணக்கை மாரீஸ்வரியும் நானும் தொடர்வோம். இந்த மேடையில் அது எங்கள் உறுதிமொழி. ஆனால் முதல் வேலை உங்களுடையது. எழுந்து நின்று மௌனம் காக்கும் முன்பு எல்லோரும் போனைக் கையில் எடுங்கள். அவர் முகத்தின் மேல் விரலை வையுங்கள். 'நீக்கவா' என்று கேட்கும்.

உசேன் பாய், நீங்கள்தான் தொடங்கி வைக்க வேண்டும். போனை நான் பிடித்துக்கொள்கிறேன், அழுத்துங்கள் பாய்.