ஓடைக் கல் மூன்று

சீமைப்பலாவுக்கு ஒரு மணி நேரச் சூடு போதும் ஐயா. அதற்கு மேல் விட்டால் குழைந்துபோகும். முப்பது வருடமாகக் கல்லடுப்பு மூட்டுகிறேன், ஒரு நாளும் எதையும் குழைய விட்டதில்லை. நேற்று ஒன்றுமே அடுப்பில் ஏறவில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

என் பெயர் அலாபாட்டி. கலோலோ என் தம்பி, நான்கு வயது இளையவன். போன வருடம் அப்பா இறந்ததும் குடும்பம் கூடித் தலைவர் பட்டத்தை அவனுக்குக் கொடுத்தது. பேச்சில் கெட்டிக்காரன் என்றார்கள். உண்மைதான். மறுநாளிலிருந்து அவனை நேரில் 'வாங்க, போங்க' என்றேன். நம் சமோவாவில் பட்டம் இல்லாதவன் அடுப்பு மூட்டுவான், பட்டம் உள்ளவர் பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார். அதிலும் எனக்குக் குறையில்லை.

ஆனால் அவன் அடுப்பையும் எடுத்துக்கொண்டான். சுற்றுலா வரும் குடும்பங்களுக்குக் கடற்கரையில் விருந்து நடத்துகிறோம். நடனம், தேங்காய் உரிப்பு, கடைசியில் கல்லடுப்புச் சாப்பாடு. விடிந்ததும் விறகு அடுக்கி மேலே கல் குவிப்பது நான். கூட்டம் சேர்ந்ததும் இலைப் பாவாடையும் பூமாலையுமாக வந்து இடுக்கியை வாங்கி, சுட்ட கல்லைப் பரப்புவது அவன்.

"இந்த அடுப்பு நான் கட்டுனது. இவரு எங்க அண்ணன். விறகு பொறுக்குறதுல இவர அடிச்சுக்க ஆளே கிடையாது" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வாரத்துக்கு ஐந்து நாள் சிரித்தேன்.

அடுப்புக்கு எந்தக் கல் ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீயில் பலமுறை பழகிய காய்ந்த கல்தான் ஆகும். ஓடையில் கிடக்கும் கல் உள்ளே தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், சூடேறினால் வெடிக்கும். நேற்றுக் காலை ஓடையில் இறங்கி மூன்று கல் எடுத்தேன். அவன் இடுக்கியால் பரப்பும்போது நடுக்கனலுக்கு வரும்படி, அதுவரை சூடேறாதபடி ஓரமாக வைத்தேன். பரப்பிய பிறகு நெருப்பின் பெருமையை அவன் அங்கேயே குந்தியபடிதான் பேசுவான்.

ஒரு குடும்பம் சீக்கிரமே வந்துவிட்டது. அப்பா, அம்மா, ஒன்பது வயதில் ஒரு பெண். பெயர் ஹான்னா. நேரே என்னிடம் வந்தாள்.

"மாமா, நெஜமா அடுப்பு மூட்டுறது நீங்கதானா? வாசல்ல ஒருத்தரு தான்தான் சமைக்கிறேன்னாரே."

"அவரு வாயாலயே சமைப்பாரு பாப்பா."

அவளுக்கு ஒரே சிரிப்பு. "கல்லு பக்குவமாச்சுன்னு எப்படித் தெரியும்?"

"கண்ண எடுக்காம உத்துப் பாரு. வெள்ளையா வெளுத்துச்சுன்னா பக்குவம்."

இத்தனை வருடத்தில் என்னிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். மனசு நிறைந்துவிட்டது. முன்வரிசையில் நானே பாய் விரித்து அவளை உட்காரவைத்தேன். அங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். முன்வரிசைப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு இடுக்கியைப் பிடிக்க வைப்பது தம்பியின் தினசரி வழக்கம். அதுவும் எனக்குத் தெரியும்.

"வாடா கண்ணு, தலைவரோட சேந்து சமைக்கலாம்" என்றான். ஹான்னா ஓடிப்போய்ப் பக்கத்தில் குந்தினாள். இருவருமாகக் கல்லைப் பரப்பினார்கள். அவன் பேச ஆரம்பித்தான். அவள் அப்பா படம் எடுக்க, அவன் கேமரா பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டினான். அவள் மட்டும் நான் சொல்லிக்கொடுத்தபடி கல்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தம்பிக்குக் காதோரம் நான்கு தையல். அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

அவள் குந்தியதற்கும் கல் வெடித்ததற்கும் நடுவே நேரம் இருந்ததே, ஏன் கத்தவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். நேரம் இருந்தது. தம்பி பேச்சில் பாதியைத் தாண்டியிருந்தான். நான் ஆறடி தள்ளித்தான் நின்றேன். ஆனால் ஐயா, நீங்களும் இந்த ஊர்க்காரர்தானே. பட்டம் உள்ளவர் பேசும்போது பட்டம் இல்லாதவன் குறுக்கே வாய் திறக்கலாமா?

கல்லை வைத்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மரியாதை தெரியாதவன் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள்.