மோட்டார் கொட்டகை சுவிட்ச்

உப்புக் கம்பெனியில் எந்தச் சாமானும் நீடித்து உழைக்காது, ஐயா. ஃபேன், ஜன்னல் கம்பி, நாற்காலிக் கால் எல்லாம் துருவாய் உதிரும். எங்கள் மரக்காணம் ஆபீஸில் நல்லபடியாக இருந்தது சர்வர் ஒன்றுதான். ஏசி அறையில் வைத்து அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவன் நான்தான், இந்தக் கார்த்திகேசன்.

லாரிகளுக்குப் பில் போடுவது, உப்பளத்துக் கேமரா, மின்னல் சைரன் மூன்றும் அந்த ஒரே சர்வரில் ஓடின. உப்பளம் ஒதுங்க இடமில்லாத வெட்டவெளி. மின்னல் நெருங்கினால் சர்வர் சைரனை அடிக்கும். உப்பு வாரும் பெண்கள் கொட்டகைக்கு ஓடுவார்கள்.

இந்தக் கோடையில் சைரன் அடிக்கடி ஒலித்தது. ஒரு சொட்டு மழை இல்லை. ஒவ்வொரு முறையும் முதலில் வரப்பேறியவள், அனுமந்தை ஊரிலிருந்து உப்பு வார வரும் வைஜெயந்தி. மோட்டார் கொட்டகையில் சைரனைக் கையால் அடிக்க ஒரு சுவிட்ச் உண்டு. அவள் பாத்தி அதற்குப் பக்கத்தில்தான். வேலைக்கு ஓய்வு கிடைக்க அவளே அழுத்துகிறாள் என்று எனக்குப் பொறி தட்டியது.

கேமராவில் பிடிக்கலாமென்றால், பில் போடும் நேரத்தில் சர்வருக்கு மெமரி போதாமல் படம் நின்று நின்று வரும். அதனால் மெமரியை மாற்றி ஒதுக்கினேன். கேமராவுக்குக் கூட்டிக் கொடுத்தேன். தட்டுப்பாடு வந்தால் எதை முதலில் நிறுத்துவது என்று சர்வருக்குச் சொல்லி வைக்கலாம். சைரனைச் சொன்னேன். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. சர்வர் நிறுத்திய பிறகும் சைரன் கேட்டால், அழுத்தியது அவள்தான்.

அன்று மதியம் சர்வர் சைரனை நிறுத்தியதை ஸ்கிரீனில் பார்த்தேன். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. வைஜெயந்தி போன் செய்தாள்.

"சார், மானம் இருட்டிக்கினு வருது. சைரன் அடிக்கலியே?"

"அடிக்காம கரை ஏறுனீங்கன்னா நாளைக்கு வேலைக்கு வராதீங்க."

"கூட ரெண்டு பொம்பளைங்க பயந்துக்கறாங்க சார். நீங்களாவது அடிச்சி வுடுங்க."

"ஏன், உனக்கு அடிக்கத் தெரியாதா?"

"எங்கிட்ட அடிக்கறதுக்கு என்னா சார் இருக்குது?"

நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன். நானே அடித்திருக்கலாம், கை மவுஸ் மேல்தான் இருந்தது. அடித்திருந்தால் சோதனை கெட்டுப்போயிருக்கும்.

படம் ஒருமுறைகூட நிற்காமல் தெளிவாக ஓடியது. மூவரும் குனிந்து வாரிக்கொண்டிருந்தார்கள். ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு மூவரும் பாத்தியில் கிடந்தார்கள். நான் இன்னும் கொஞ்ச நேரம் சுவிட்ச் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சைரனை நிறுத்த வைத்தது நான்தான். மின்னல் வருவது தெரிந்தும் அவர்களை அங்கேயே நிற்கவைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தச் சுவிட்ச் துருவேறி இறுகிக் கிடக்கிறது, மாட்டிய நாளிலிருந்து ஒரு கைகூடப் பட்டதில்லை என்று உங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு ஒரு சந்தேகம்தான் இன்னும் தீரவில்லை, ஐயா. அன்று மட்டும் அவள் சுவிட்ச் பக்கமே போகவில்லை. நான் பார்த்துக்கொண்டிருப்பதை அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?