நோன்புக் கடிகாரம்

முதலில் உங்கள் பிரிண்டரைப் பார்த்துவிடலாம், கமிஷனர். காகிதம் சிக்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை. பின்பக்க மூடியைத் திறந்து மெல்ல இழுத்தால் வந்துவிடும். உங்கள் எழுத்தர் வந்ததிலிருந்து அதைத் தட்டிக்கொண்டிருக்கிறார். தட்டினால் சரியாகிவிடும் என்று நம்பாத அலுவலகத்தை நான் ஃபெஸ் நகரில் இன்னும் பார்க்கவில்லை. கடவுச்சொல்லை வேறு திரையின் ஓரத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறீர்கள். அதையும் கிழித்துப் போடுங்கள்.

என் பெயர் தாமி பெர்ராதா. லல்லா பத்தூல் அம்மா இறந்துபோன மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். அதாவது, டாக்டர்கள் பிளக்கைச் செருக மறந்துவிட்டு எல்லாம் செத்துப்போய்விட்டது என்று கத்தும்போது, சிரித்த முகத்தோடு போய்ச் செருகிவிட்டு வருகிறவன்.

நோன்பு மாதத்துக்காக நாடு முழுவதும் நாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறோம். சுவரில் உள்ளதைத் திருப்பிவிட்டால் போதும் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. கணினிக்கும் யாராவது சொல்ல வேண்டாமா? ஆண்டுதோறும் நான்தான் வார்டு வார்டாகப் போய், நர்ஸ்கள் மருந்து கொடுத்ததைப் பதிகிற கைக்கணினிகளை ஒவ்வொன்றாகத் திருத்துவேன். யாரும் நன்றி சொன்னதில்லை. ஒன்றும் கெட்டுப்போகாத இடத்தில் யார் நன்றி சொல்வார்கள்?

இந்த ஆண்டு ஜவாத் வந்தான். காஸாபிளாங்காவில் படித்தவன். மருந்துப் பதிவுக்குப் புதிதாக ஒரு பக்கம் செய்து கொடுத்தான். கண்ணுக்கு லட்சணமான பக்கம்தான். கொடுத்த மருந்து பச்சையில், கொடுக்காதது சிவப்பில். நோன்புக்கு நேரம் மாறுமே, அதற்கு என்ன செய்திருக்கிறாய் என்று கூட்டத்தில் கேட்டேன். இயக்குநர் டாக்டர் லஹ்லூவும் இருந்தார். அவன் என் தோளில் கைபோட்டான்.

"ஹாஜி, அதெல்லாம் தன்னால மாறிக்கும். நீங்க பாட்டுக்கு டீயக் குடிங்க."

நான் மக்காவுக்குப் போனவனில்லை. தலை நரைத்தவனை ஓரங்கட்ட நினைத்தால் இங்கே அப்படித்தானே கூப்பிடுகிறோம். லஹ்லூ வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வார்டுக்குப் போகிற வேலை என் கையைவிட்டுப் போயிற்று. திரை காட்டுவதே இறுதி என்று நர்ஸ்களுக்குச் சுற்றறிக்கையும் போயிற்று.

நேரம் மாறுகிற நாளுக்கு முன்பே, நான் ஒரு கைக்கணினியை என் மேசையில் வைத்து, தேதியை முன்னே தள்ளிச் சோதித்துப் பார்த்தேன். பதிவெல்லாம் போய்ச் சேரும் சர்வர் தன்னால் மாறியது. அந்த வகையில் பையன் சொன்னது சரி. கைக்கணினி மாறவில்லை. ஆறு மணிக்குப் போட்ட ஊசியை அது ஏழு மணி என்று பதிந்து அனுப்பியது. இன்னும் வராத நேரத்தில் எவளால் ஊசி போட முடியும் என்று சர்வர் அந்தப் பதிவைத் தூக்கி எறிந்துவிட்டது. ஊசி போட்டாகிவிட்டது, திரையில் மட்டும் சிவப்பு.

சொல்லியிருக்கலாம் என்பீர்கள். டீயைக் குடிக்கச் சொன்னார்கள், குடித்தேன். ஏதாவது வைட்டமின் மாத்திரை இரண்டு முறை போகும், நாலு பேர் முன்னால் அவன் முகம் தொங்கிப்போகும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

கடிகாரம் மாறிய ஞாயிறு காலையில், பகல் நேர நர்ஸ் கிஸ்லான் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"தாமி சார், பத்தூல் அம்மாவுக்கு இன்சுலின் போடலன்னு சிவப்பாக் காட்டுது. அவங்க என்னடான்னா, போட்டாச்சு மகளேங்கிறாங்க. ராத்திரி நர்ஸ் போன எடுக்கல. நான் என்ன செய்யட்டும்?"

இன்சுலின் என்று தெளிவாகத்தான் சொன்னாள். காதில் விழவில்லை என்று சொல்லமாட்டேன். பத்தூலையும் எனக்குத் தெரியும். கஃப்தான் அங்கி தைப்பவர், காலில் புண்ணோடு வந்து படுத்திருந்தார். அவருடைய கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். நன்றி சொன்னவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான்.

"வயசானவங்க நேத்துப் போட்டத நினைச்சுச் சொல்வாங்கம்மா," என்றேன். "திரையில என்ன இருக்கோ அதச் செய்."

சுற்றறிக்கையில் இருந்ததற்கு மேல் ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. மதியத்துக்குள் பத்தூல் சர்க்கரை இறங்கி நினைவு தப்பிப் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பின் நான் ஒவ்வொரு வார்டாகப் போய் எல்லாக் கைக்கணினிகளையும் திருத்தினேன். லஹ்லூ என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றார். அதை முன்பே செய்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். முன்பே யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

நீங்கள் கிஸ்லானைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஊசி போட்டதாக அவள் அழுதாளாம். அப்படி எதுவும் நினைவில்லை என்று போன முறை உங்களிடம் சொன்னேன். நன்றாகவே நினைவிருக்கிறது. ஆனால் நான் இன்று வந்தது அதற்காக இல்லை.

ராபாத்திலிருந்து வந்த நிபுணரின் அறிக்கையைப் படித்தேன். நோயாளி சொன்ன பிறகும் ஊசி போட்டது நர்ஸின் கவனக்குறைவாம். கணினிக் கோளாறோ யாராலும் முன்கூட்டிக் கண்டுபிடித்திருக்க முடியாததாம். ஜவாத் நிம்மதியாக வேலைக்கு வந்துபோகிறான். யாராலும் முடியாது என்ற அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, கமிஷனர். அந்த நிபுணர் படித்த படிப்புக்கு இதுதானா தெரிந்தது?

நான் கண்டுபிடித்தேன். என் மேசையில் வைத்துச் சோதித்தேன். இரண்டாவது ஊசி என்று தெரிந்தேதான் அந்தப் பெண்ணைப் போடச் சொன்னேன். என் பெயரைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். கிஸ்லானை விடுவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் பாடு. அறிக்கையில் அந்த ஒரு வரியை மட்டும் திருத்தச் சொல்லுங்கள்.